லாசியை சீகேட் வாங்கியதில் நமக்கு என்ன போனது?

கேள்வி, 2 மார்ச் 2025

சான்டிஸ்க், ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலை விட்டுத் தனிக் கம்பெனியாகப் பிரிந்த செய்தியைப் போன வாரம் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். பெரிய கம்பெனி ஒரு சின்ன பிராண்டை வாங்கினால் அந்த பிராண்டு அன்றோடு செத்தது என்பது என் கட்சி. கணினிக்கு வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க் விற்கும் லாசியையே பாருங்கள். 2012இல் ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் சீகேட் வாங்கியது. இப்போது உள்ளே இருப்பது சாதாரண சீகேட் டிஸ்க், மேலே ஆரஞ்சு ரப்பர், விலை மட்டும் கூடுதல். எடிட்டிங் வேலையில் இருக்கும் அண்ணன்கள் இன்னும் ஏன் அதையே வாங்குகிறீர்கள்? ஷூட்டிங் ஃபுட்டேஜ் வைக்க நான் இரண்டு டிஸ்க் வாங்க வேண்டும், அதனால் கேட்கிறேன்.

3 மார்ச் 2025, இரவு

தம்பி, "உள்ளே இருப்பது சீகேட் டிஸ்க்" என்பது உண்மை. ஆனால் 2012க்கு முன்னால் உள்ளே என்ன இருந்தது என்று யோசித்தீர்களா? லாசி எந்தக் காலத்திலும் டிஸ்க் தயாரித்த கம்பெனி இல்லை. சுழலும் தட்டு, அதில் எழுதிப் படிக்கும் ஹெட், மோட்டார் எல்லாம் சீகேட், ஹிட்டாச்சி, சாம்சங் போன்றவர்களிடம் வாங்கியதுதான். அதைச் சுற்றி இருந்ததெல்லாம் லாசியின் வேலை. பெட்டி, சூடு வெளியேற வழி, ஃபயர்வயர், யுஎஸ்பி என்ற கேபிள் இணைப்புகளை டிஸ்க்கோடு பேச வைக்கும் பிரிட்ஜ் போர்டு, மேக்கில் செருகினால் தொல்லை இல்லாமல் வேலை செய்யும் மென்பொருள், வாங்கிய பிறகு பதில் சொல்ல ஒரு ஆள். அந்த வேலைக்குத்தான் நாங்கள் கூடுதல் காசு கொடுத்தோம். இன்றும் அதற்குத்தான் கொடுக்கிறோம்.

ஆகவே "வாங்கினார்கள், உள்ளே மாற்றிவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. போனது வேறு ஒன்று. அதை யோசித்து எழுதுகிறேன், இப்போது ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

4 மார்ச்

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

1986இல் வந்த ஆப்பிளின் மேக் பிளஸ்ஸில் வெளிச் சாதனங்களை மாட்டும் ஸ்கஸி போர்ட் வந்தது. அதனால் ஆப்பிள் விற்காத டிஸ்க்கையும் வெளியே வாங்கி மேக்கில் மாட்ட முடிந்தது. ஆனால் மாட்டினால் மட்டும் போதாது. ஃபார்மேட் செய்ய, டிரைவர் ஏற்ற ஒரு மென்பொருள் வேண்டும். 1987இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் தொடங்கிய லா சி கம்பெனி பிழைத்தது இந்த இடத்தில்தான். அவர்களுடைய 'சில்வர்லைனிங்' என்ற மென்பொருளைப் பழைய மேக் ஆட்கள் இன்றும் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் பாரிஸில் 1989இல் பியேர் ஃபூர்னியே, ஃபிலிப் ஸ்ப்ரூக் என்ற இரண்டு பேர் எலெக்ட்ரோனிக் டி2 என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். அவர்களும் வெளியே மாட்டும் டிஸ்க்தான் விற்றார்கள்.

அப்போதே ஓரிகான் லா சி ஒரு பெரிய டிஸ்க் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. குவாண்டம் அதன் சொந்தக்காரராக இருந்தது. 1995இல் குவாண்டம் அதை விற்க, பாரிஸ் டி2 வாங்கியது. வாங்கியவர் தன் பெயரை ஒதுக்கிவிட்டு, வாங்கப்பட்டவரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். மேசை மேல் நிற்கும் லாசி டிஸ்க் மாடலுக்கு டி2 என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது அந்தப் பாரிஸ் கம்பெனியின் பெயரேதான்.

அதாவது நாம் "சுதந்திரமான பிரெஞ்சு பிராண்டு" என்று நினைத்து விரும்பிய லாசியே ஒரு கைமாற்றத்தில் பிறந்தது. ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து விடுபட்டு ஒரு சின்ன கம்பெனியிடம் சேர்ந்த பிறகுதான் அது செழித்தது. "விற்றால் செத்தது" என்ற உங்கள் கட்சிக்கு இதுவே முதல் எதிர் உதாரணம்.

4 மார்ச், மதியம்

குவாண்டத்தின் ஹார்டு டிஸ்க் தொழிலை 2001இல் மேக்ஸ்டர் எடுத்துக்கொண்டது. மேக்ஸ்டரை 2006இல் சீகேட் வாங்கியது. 2012இல் சீகேட் லாசியையும் வாங்கியபோது, ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இருந்த இரண்டும் சுற்றி வந்து மறுபடி ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தன. இந்தத் தொழிலில் எல்லா ஓடையும் கடைசியில் இரண்டு மூன்று ஆறுகளில்தான் போய் விழுகிறது.

5 மார்ச்

விலை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சீகேட் இதை அறிவித்தது 23 மே 2012. ஸ்ப்ரூக்கும் அவரைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த 64.5 சதவீதப் பங்கை, பங்குக்கு 4.05 யூரோ வீதம் வாங்குவது ஒப்பந்தம். மீதிப் பங்குதாரர்களிடமும் வாங்க முன்வந்தார்கள். சந்தை விலையைவிட 29 சதவீதம் அதிகம். மொத்தக் கம்பெனிக்கும் போட்ட மதிப்பு சுமார் 18.6 கோடி டாலர். அதில் லாசியின் கையிருப்புப் பணமே சுமார் 6.5 கோடி டாலர். அதைக் கழித்தால் சீகேட் உண்மையில் கொடுத்தது 12 கோடி டாலர் சொச்சம். ஆகஸ்ட் மாதம் ஒப்பந்தம் முடிந்தது.

சீகேட்டின் பக்கத்திலிருந்து பாருங்கள். 2012 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அவர்கள் விற்பனை சுமார் 1,490 கோடி டாலர். லாசிக்குக் கொடுத்த விலை அவர்களுடைய ஐந்து நாள் விற்பனைகூட இல்லை. ஆறு மாதம் முன்னால்தான் சாம்சங்கின் ஹார்டு டிஸ்க் பிரிவை 137.5 கோடி டாலருக்கு முடித்திருந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் லாசி ஒரு சில்லறைச் செலவு.

அப்படியானால் எதற்கு வாங்கினார்கள்? ஆலை வாங்கவில்லை, டிஸ்க் தொழில்நுட்பம் வாங்கவில்லை. ஆப்பிள் கடைகளில் ஒரு அலமாரி, போட்டோ எடுப்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள், விளம்பர டிசைனர்கள் ஆகியோரின் நம்பிக்கை, பாரிஸில் ஒரு டிசைன் பழக்கம். அதைத்தான் வாங்கினார்கள். சீகேட்டின் சொந்தப் பெயரில் வந்த வெளி டிஸ்க்குகளைக் கணினிக் கடையில் விலை பார்த்து வாங்குவார்கள், எடிட் சூட்டில் கேட்டு வாங்க மாட்டார்கள். ஸ்ப்ரூக்கையே சீகேட்டின் நுகர்வோர் சேமிப்புப் பிரிவுக்குத் தலைமை ஏற்கச் சொல்லி அழைத்ததிலும் இது தெரிகிறது. தங்களுக்குத் தெரியாத ஒரு வேலையைத் தெரிந்த ஆளோடு சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். இந்த இடத்தில் சீகேட்டை நான் மதிக்கிறேன்.

8 மார்ச்

இப்போது, போனது என்ன என்பதற்கு வருகிறேன். அன்றிரவு எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

டிஸ்க் தயாரிக்காத கம்பெனிக்கு ஒரு வசதி உண்டு. எந்தத் தயாரிப்பாளரின் டிஸ்க் இந்த வருடம் நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துத் தன் பெட்டியில் போடலாம். ஒருவருடைய ஒரு மாடலில் கோளாறு வந்தால் அடுத்த லாட்டில் வேறொருவருக்குப் போகலாம். ஆரஞ்சு ரப்பர் உறை போட்ட லாசி மாடலின் பெயர் ரக்கட், பழைய ரக்கட்களைத் திறந்தவர்களுக்குத் தெரியும், வெளியே ஒரே ஆரஞ்சு, உள்ளே ஹிட்டாச்சியும் இருக்கும், சாம்சங்கும் இருக்கும். வாங்குபவனுக்காகத் தேர்ந்தெடுக்கும் அந்தச் சுதந்திரம்தான் 2012இல் போனது. சீகேட்டின் பிராண்டு வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்கை வாங்கி உள்ளே வைக்குமா? வைக்காது.

இது கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியலாம். வேலையில் அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். இன்று 2.5 அங்குலத்தில் 5 டெராபைட் (டிபி) வேண்டும் என்றால் சீகேட்டிடம் இருப்பது எஸ்எம்ஆர் முறையில் எழுதும் டிஸ்க். அதில் தகவல் எழுதும் தடங்கள் ஒன்றின் ஓரத்தின் மேல் மற்றொன்று ஏறி இருக்கும். அதனால் குறைந்த இடத்தில் நிறைய அடைக்கலாம். ஆனால் நடுவில் ஒரு தடத்தைத் திரும்ப எழுத வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எழுத வேண்டும். புது டிஸ்க்கில் கேமரா கார்டைக் கொட்டும்போது வேகம் நன்றாகவே இருக்கும். பாதி நிரப்பி, கொஞ்சம் அழித்து, மறுபடி பெரிதாகக் கொட்டும்போது திடீரென்று வேகம் படுத்துவிடும். இரவு ஷூட் முடிந்து, கார்டை மறுநாள் காலைக்குள் காலி செய்து கொடுக்க வேண்டிய நேரத்தில் அப்படிப் படுத்தால் யூனிட்டே காத்து நிற்கும். முன்பு இருந்த லாசியாக இருந்தால் வேறொருவரின் டிஸ்க்கைப் பார்த்திருக்கலாம். இப்போது அதற்கு வழி இல்லை, சொந்த வீட்டில் என்ன சமைத்தார்களோ அதுதான்.

8 மார்ச், கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதை யாரும் "சீகேட் வேண்டுமென்றே கெடுத்தது" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2012 மார்ச்சில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஹிட்டாச்சியின் டிஸ்க் பிரிவை வாங்கி முடித்தது. ஃபுஜிட்சுவின் டிஸ்க் தொழில் அதற்கு முன்பே டோஷிபாவிடம் போயிருந்தது. சாம்சங் போயாயிற்று. உலகத்தில் ஹார்டு டிஸ்க் செய்ய மீதி இருந்தவர்கள் மூன்றே பேர், சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், டோஷிபா. லாசி தனியாகவே இருந்திருந்தாலும் தேர்ந்தெடுக்க இடம் சுருங்கித்தான் போயிருக்கும்.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் வந்த வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. அயுத்தயாவில் பாங் பா-இன் பகுதியில் இருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை தண்ணீரில் மூழ்கியது. உதிரி பாகம் செய்யும் பல ஆலைகள் நின்றன. உலகம் முழுக்க டிஸ்க் விலை ஏறியது. டிஸ்க்கை வெளியே வாங்கிப் பெட்டி கட்டி விற்பவருக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும்? சரக்கு குறைந்தால் தயாரிப்பாளர் முதலில் தன் சொந்தப் பெயருக்கும் பெரிய கணினிக் கம்பெனிகளுக்கும்தான் கொடுப்பார். ஸ்ப்ரூக் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, ஆனால் வெள்ளம் வடிந்து சில மாதங்களில் விற்பனை நடந்தது. இந்தக் கால வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

9 மார்ச்

வாரன்டி பற்றிக் கேட்ட நண்பருக்கு: வெள்ளம் வந்த அதே குளிர்காலத்தில்தான் சீகேட் தன் பல சாதாரண டிஸ்க்குகளின் வாரன்டியை ஒரு வருடமாகக் குறைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலும் மூன்றை இரண்டாக்கியது. போட்டி குறைந்தால் முதலில் சுருங்குவது வாரன்டிதான். விலையை எல்லோரும் பார்ப்பார்கள், வாரன்டி வருடத்தை யாரும் பார்ப்பதில்லை.

15 மார்ச்

இத்தனையும் சொன்ன பிறகு கிடைத்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை.

ஒன்று, ரெஸ்க்யூ. டிஸ்க் செத்தால் உள்ளே இருப்பதை மீட்டுத் தர முயலும் சேவையைச் சீகேட் பல லாசி மாடல்களோடு சேர்த்தே தருகிறது. முன்பு டிஸ்க் போனால் வாரன்டியில் காலி டிஸ்க் ஒன்று புதிதாக வரும், உள்ளே இருந்த கல்யாணமோ ஷூட்டிங்கோ போனது போனதுதான். மீட்புக் கூடத்துக்கு வெளியே கொடுத்தால் டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். சொந்தமாக ஹெட்டும் தட்டும் செய்யும் கம்பெனி தன் மீட்புக் கூடத்தை இதற்குத் திறந்துவிட்டது பெரிய விஷயம். தனியாக இருந்த லாசியால் இதைச் செய்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று டிசைன். வாங்கிய கையோடு பாரிஸ் டிசைனை மூடிவிடுவார்கள் என்று நானும் என்னோடு வேலை செய்தவர்களும் பயந்தோம். நடந்தது நேர் எதிர். ரக்கட்டை 2005இல் வடிவமைத்தவர் நீல் பூல்டன், ஸ்காட்லாந்துக்காரர், பாரிஸில் வேலை செய்பவர். சீகேட் வந்த பிறகும் லாசிக்கு அவர் தொடர்ந்து வரைந்தார். 2019இல் வந்த ரக்கட் எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிப்பது) அவருடையதுதான். பிரெஞ்சு டிசைனர் ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த பிளேட் ரன்னர் 2013இல் வந்தது, 9,999 மட்டும் செய்தார்கள். அதற்கு அடுத்த வருடத் தொடக்கத்தில் கிறிஸ்டோஃப்ல் என்ற பிரெஞ்சு வெள்ளிச் சாமான் கம்பெனி வெள்ளி முலாம் பூசிய உருண்டை டிஸ்க். பங்குச் சந்தைக்குக் கணக்குக் காட்டும் ஒரு கம்பெனி இப்படிப்பட்ட பொருளை விட்டுவைத்ததே ஆச்சரியம். நான் அந்த உருண்டையை வாங்க மாட்டேன், ஆனால் அதைச் செய்யத் துணிந்த ஆட்கள் உள்ளே இருந்தார்கள் என்பது எனக்குத் தைரியம் கொடுத்தது.

15 மார்ச், இரவு

ஆரஞ்சு ரப்பர் வெறும் அலங்காரம் என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். இல்லை. சுழலும் டிஸ்க் உள்ள ரக்கட்டுக்கு அவர்கள் சொல்லும் கணக்கு 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்பது. மேசை உயரத்தைவிட மேல். எங்கள் வேலையில் டிஸ்க் விழுவது மேசையிலிருந்தும் கையிலிருந்தும்தான். ஆனால் ஓடாமல் இருக்கும்போது விழுவது வேறு, ஓடும்போது விழுவது வேறு. ஓடும்போது ஹெட் தட்டின் மேல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. அப்போது எந்த ரப்பரும் முழுதாகக் காப்பாற்றாது. அசிஸ்டென்ட்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: கேபிள் செருகி இருக்கும்போது டிஸ்க்கைத் தூக்காதே.

இன்னொன்று, அந்த நிறம். இருட்டான கேரவனில், கறுப்புப் பைகளுக்கு நடுவே, ஆரஞ்சு டிஸ்க் கண்ணில் படும். தொலைந்துபோகாத டிஸ்க்கில்தான் ஃபுட்டேஜ் இருக்கும்.

22 மார்ச்

"பெரிய கம்பெனி கையில் இருந்தால் பாதுகாப்பாவது நன்றாக இருக்குமே" என்று எழுதிய நண்பருக்கு. 2014 ஏப்ரலில் லாசி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அவர்களுடைய இணையக் கடையில் தீய மென்பொருள் புகுந்து, 2013 மார்ச் முதல் 2014 மார்ச் வரை வாங்கியவர்களின் தகவல் திருடு போயிருக்கலாம் என்றார்கள். கார்டு எண்களும் அதில் அடக்கம். ஏறக்குறைய ஒரு வருடம் கண்டுபிடிக்கவில்லை. இது சீகேட் வாங்கிய பிறகு நடந்தது. பெரிய கை என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் வுவாலா. இங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஸ்விட்சர்லாந்தில், ஈடிஎச் ஜூரிக் ஆராய்ச்சியிலிருந்து வந்த இணையச் சேமிப்புச் சேவை. உங்கள் கணினியிலேயே குறியாக்கம் செய்துவிட்டுத்தான் மேலே ஏற்றும், அதனால் சேவை நடத்துபவராலும் படிக்க முடியாது. தொடக்கத்தில் இன்னொரு அழகான ஏற்பாடும் இருந்தது. உங்கள் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் மற்றவர்களுக்குக் கொடுத்தால் இணையத்தில் உங்களுக்கு அந்த அளவு இடம் கிடைக்கும். 2009இல் லாசி இதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தப் பரிமாற்ற ஏற்பாடு 2011இலேயே நின்றது, அதாவது சீகேட் வருவதற்கு முன்பே. 2015இல் சேவையையே மூடினார்கள். ஆகஸ்டில் அறிவிப்பு, நவம்பர் நடுவில் கதவு சாத்தியாயிற்று.

நான் லாசி கதையில் மிகவும் வருந்துவது இதற்குத்தான். பெட்டியும் நிறமும் பிழைத்துக்கொண்டன, ஏனென்றால் அவை விற்கும். வுவாலா போன்ற ஒன்றுக்கு உள்ளே ஒரு ஆள் பிடிவாதமாக நிற்க வேண்டும். இரண்டு முறை கைமாறிய பிறகு அப்படி நிற்க ஆள் இருப்பதில்லை.

23 மார்ச்

ஜி-டெக்னாலஜி என்ற வெளி டிஸ்க் பிராண்டு பற்றித் தம்பி கேட்டிருக்கிறார். அது லாசியைவிட மோசமான கதை. 2004இல் மேக் வீடியோ ஆட்களுக்காகவே தொடங்கிய பிராண்டு, துளை போட்ட வெள்ளி நிற அலுமினியப் பெட்டி. முதலில் ஃபாப்ரிக் என்ற கம்பெனி வாங்கியது. ஃபாப்ரிக்கை 2009இல் ஹிட்டாச்சியின் டிஸ்க் பிரிவு வாங்கியது. அந்த டிஸ்க் பிரிவை 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. 2016இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் சான்டிஸ்க்கையும் வாங்கியது. 2021இல் ஜி-டெக்னாலஜி என்ற பெயரை எடுத்துவிட்டு "சான்டிஸ்க் புரொஃபெஷனல்" என்று மாற்றினார்கள். ஜி-டிரைவ் என்பது இப்போது மாடல் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்னது போல சான்டிஸ்க் இந்தப் பிப்ரவரியில் தனியாகப் பிரிந்தது. ஒரு சின்ன பிராண்டு இத்தனை கையில் புரண்டால் யாரிடம் போய் நம்பிக்கை வைப்பது?

லாசி பதின்மூன்று வருடமாக ஒரே கையில் இருக்கிறது. பெயரும் மாறவில்லை, ஆரஞ்சும் மாறவில்லை. அதனால் பெரிய கம்பெனி வாங்கினால் செத்தது என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கியவர் எத்தனை நாள் வைத்திருக்கிறார், அடுத்து யாரிடம் தள்ளுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

29 மார்ச்

இந்த இழையில் நான் உண்மையாகச் சொல்ல வேண்டியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பேக்கப் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு பழக்கம் வைத்திருப்போம். ஒரு காப்பி ஒரு பிராண்டில், இன்னொரு காப்பி வேறு பிராண்டில். ஒரே தயாரிப்பில் ஒரே கோளாறு வந்தால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது என்பதற்காக. நல்ல பழக்கம்தான். ஆனால் கடையில் போய் ஒரு லாசி, ஒரு மேக்ஸ்டர், ஒரு சீகேட் வாங்கினால் மூன்று பெட்டி, மூன்று பெயர், உள்ளே ஒரே தயாரிப்பாளர். மேக்ஸ்டர் பெயரைச் சீகேட் 2016இல் மறுபடி வெளி டிஸ்க்குகளுக்குக் கொண்டுவந்தது, தெரியுமா? நாம் பிரித்து வைத்ததாக நினைத்தது பிரிந்தே இல்லை. பிராண்டு பிழைத்திருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன் அல்லவா, அதே பிழைப்புதான் நம் கண்ணை மறைக்கிறது.

எனவே பெட்டியைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் மாடல் எண்ணைப் பாருங்கள். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும், மேக்கில் சிஸ்டம் ரிப்போர்ட்டில் பல சமயம் தெரியும். எஸ்டி என்று தொடங்கினால் சீகேட். டபிள்யூடி என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல். எச்டிஎஸ் என்றால் ஹிட்டாச்சி வழி வந்தது, அதுவும் இப்போது வெஸ்டர்ன் டிஜிட்டல் கைதான். எம்க்யூ, எம்ஜி என்றால் டோஷிபா. இரண்டு காப்பியும் இரண்டு வேறு தயாரிப்பாளரின் எழுத்தில் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

30 மார்ச்

பெட்டியைத் திறப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு போர்ட்டபிள் டிஸ்க் இருந்தது, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். யுஎஸ்பி வாய் ஆடிப்போய் வேலை செய்யாமல் நின்றது. டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், பிரிட்ஜ் போர்டுதான் போயிருக்கும், கழற்றி, கணினிக்குள் டிஸ்க்கை மாட்டும் சாட்டா கேபிளில் நேராக மாட்டிக்கொள்ளலாம் என்று திறந்தேன். உள்ளே பிரிட்ஜ் போர்டு என்று தனியாக ஒன்றே இல்லை. டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே யுஎஸ்பி வாயைச் சேர்த்து வைத்திருந்தார்கள், சாட்டா வாயே கிடையாது. கடைசியில் மீட்புக் கூடத்துக்குப் போய் ஒரு பெரிய தொகை அழுது எடுத்தேன். ஒரு வாடிக்கையாளரின் அம்மா பேசிய நேர்காணல் அதில் இருந்தது, அந்த அம்மா அதற்குள் இறந்துவிட்டார். அந்த ஃபைல் திறந்து ஓடியபோது எனக்குக் கை நடுங்கியது.

டிஸ்க்கைத் தானே தயாரிப்பவருக்கு இப்படி ஒன்றாகச் சேர்த்துச் செய்வது மலிவு. வெளியே வாங்கிப் பெட்டி கட்டுபவர் சாட்டா டிஸ்க்கைத்தான் வாங்குவார், அதனால் பிரிட்ஜ் தனியாக இருக்கும், கழற்றினால் டிஸ்க் தனியாக வந்துவிடும். யார் யாரை வாங்கினார் என்ற செய்தி நம் கையில் இருக்கும் பொருளின் வயிற்றுக்குள் வரை வந்து சேர்வது இப்படித்தான்.

5 ஏப்ரல்

எஸ்எஸ்டி பக்கம் வந்தால் ஆட்டம் தலைகீழ். சீகேட் ஃபிளாஷ் சில்லு தயாரிப்பதில்லை. 2014இல், அந்தச் சில்லுகளை இயக்கும் கன்ட்ரோலர் செய்யும் சான்ட்ஃபோர்ஸ் பிரிவை வாங்கினார்கள், ஆனாலும் நினைவகச் சில்லை வெளியேதான் வாங்குகிறார்கள். சில்லு செய்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்ஸியா, சான்டிஸ்க். அதாவது 2012க்கு முன்னால் லாசி எந்த இடத்தில் இருந்ததோ, எஸ்எஸ்டியில் சீகேட்டே இன்று அந்த இடத்தில் இருக்கிறது. எவரிடமும் வாங்கலாம், அதோடு சரக்கு தட்டினால் கடைசியில் நிற்க வேண்டியதும் அவர்கள்தான். ரக்கட் எஸ்எஸ்டி வாங்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் தினசரி எடிட்டுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன், பிடித்திருக்கிறது. ஆனால் வருடக் கணக்கில் அலமாரியில் மின்சாரம் இல்லாமல் வைக்க எஸ்எஸ்டியை நம்புவதில்லை, அதற்குச் சுழலும் டிஸ்க்தான்.

12 ஏப்ரல்

தம்பி தனியாகக் கேட்டதற்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும்.

ஷூட்டுக்கு எடுத்துப் போக ஒரு ரக்கட், சுழலும் டிஸ்க். அதை 5 டிபி வாங்கி அடைத்து அடைத்து அழிக்காமல், ஒரு புராஜெக்டுக்கு ஒன்று என்று வைத்து, ஒரு முறை கொட்டியதும் அப்படியே விட்டுவிடுங்கள். எஸ்எம்ஆர் தொல்லை அதில் பெரிதாகத் தெரியாது. இரண்டாவது காப்பிக்கு டோஷிபா என்300 போன்ற 3.5 அங்குல டிஸ்க், தனியாக வாங்கிய பெட்டியில், ஆபீஸ் மேசையில். அது எஸ்எம்ஆர் இல்லை, பெட்டி போனால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போடலாம், தயாரிப்பாளரும் வேறு. இரண்டையும் ஒரே பையில் ஒரே வண்டியில் அனுப்பாதீர்கள்.

வாங்கும்போது ரக்கட் பெட்டியில் ரெஸ்க்யூ சேவை எத்தனை வருடம் என்று அச்சடித்திருப்பதைப் பாருங்கள், மாடலுக்கு மாடல் மாறும். சீரியல் எண்ணை வாங்கிய அன்றே பதிவு செய்துவிடுங்கள். பில்லை போட்டோ எடுத்து, இந்த இரண்டு டிஸ்க்கிலும் இல்லாத வேறு இடத்தில் வையுங்கள்.